சீத்தைக் கவுனின் உட்புறம்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விசித்திரமான பொழுதுபோக்கு ஒன்றுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பெண்கள் உடுத்த உடைகளை அக்காலத்து முறைப்படியே வெட்டி, கையூசியாலேயே தைத்து, உடுத்து, அதே கோலத்தில் ஒன்றுகூடி மகிழ்வதே அது. அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வேலை செய்து பிழைக்கும் பெண்கள் பலர் இதில் ஈடுபடுகின்றனர். ஒரு கவுனை முடிப்பதற்குப் பல வாரங்கள், சிலவேளை பல மாதங்கள் செல்லும். இவர்களுட் கண்டிப்பானவர்கள் தையல் இயந்திரத்தைத் தொடுவதேயில்லை. எலியாஸ் ஹோ தமது தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1846 இல். அதற்கு முந்திய நூற்றாண்டின் உடையில் இயந்திரத் தையல் ஓடினால் அது பொய்யுடை என்பது அவர்கள் வாதம்.

இச்செய்தி காதில் விழுந்ததும் எமது முற்போக்கு நண்பர்கள் முகஞ்சுளிப்பதுண்டு. உழைக்கும் மக்களை உறிஞ்சி வாழ்ந்த பிரபு வர்க்கத்தின் பட்டாடையை இருபத்தோராம் நூற்றாண்டில் தைத்து உடுத்துவது, அழிந்துபோன பெருமைக்கு ஏங்கும் பூர்சுவா மனோபாவமன்றி வேறென்ன என்று அவர்கள் கேட்பர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. வேர்சாய் அரண்மனையிலே ஆண்டுதோறும் வேடவுடை விருந்தொன்று நடைபெறுகிறது. பெருந்தொகை கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியோர், லூயி மன்னர் காலத்துக் கோலத்தில் கண்ணாடி மண்டபத்தில் உலவி வருகின்றனர். 1789 ஒக்டோபர் 5 ஆம் நாள் பாரிசுச் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு மழையில் நடந்து சேர்ந்த அதே வேர்சாய்தான் இது. அச்சந்தைப் பெண்களின் கோலத்தில் விருந்துக்கு வருவோர் பலர் இரார் என்று ஊகிப்பதில் தவறில்லை.

எனினும் இப்பொழுதுபோக்கை ஒரேயடியாக ஒதுக்கிவிட எமக்கு மனமில்லை. ஓர் உடையை வெளியிலிருந்து நோக்குபவர் அதை உடுத்த சீமாட்டியைக் காண்கிறார். அதன் உட்புறத்தைப் புரட்டித் தையலை எண்ணிப் பார்ப்பவரோ அதைத் தைத்த கையைக் காண்கிறார். தம்மைப் பற்றி ஒரு வரியும் எழுதிவைக்க வாய்ப்பில்லாதிருந்த உழைப்பாளருக்கு அவர் கைவேலையே சாசனம். அச்சாசனத்தை வாசிக்கக் கற்றவர்களுள் இந்தப் பொழுதுபோக்காளரும் அடங்குவர் என்பதே எமது கருத்து. அவர்கள் அதை முற்றாக வாசித்து முடித்தார்களா என்பது வேறு விடயம். அதனைப் பின்னர் நோக்குவோம்.

இவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்த நூல்களுள் முதன்மையானது ஜெனற் ஆர்னோல்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1964 இல் வெளியிட்ட ‘பேட்டர்ன்ஸ் ஒவ் ஃபாஷன்’ ஆகும். நூதனசாலைகளிற் பேணப்பட்ட பழைய உடைகளை ஒவ்வொன்றாக அளந்து, அவற்றின் வெட்டுத் துண்டுகளைச் சதுரத் தாளில் வரைந்து காட்டினார் அவர். அதற்கு முன்னர் உடை வரலாறு எழுதியோர் பெரும்பாலும் ஓவியங்களைப் பார்த்தே எழுதினர். ஓவியம் பணம் கொடுத்தவரின் விருப்பப்படி வரையப்படுவது. துணியின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுத் துண்டை எந்த ஓவியனும் வரைந்து காட்டியதில்லை.

அந்த ஒட்டுத் துண்டிலிருந்தே தொடங்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண்ணின் உடை பல படைகளைக் கொண்டது. உடலோடு ஒட்டி ஒரு லினன் உட்சட்டை. அதன் மேல் இறுக்கிக் கட்டும் கச்சு. இடையில் நாடாவாற் கட்டித் தொங்கவிடும் பைகள். ஒன்றின் மேலொன்றாகப் பாவாடைகள். எல்லாவற்றுக்கும் மேலே முன்புறம் திறந்த நீண்ட கவுன். கவுனின் முதுகுப்புறம் மடிப்பு மடிப்பாக மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். இம்மடிப்பின் காரணம் அழகு மட்டுமன்று. துணியை வெட்டாமல் மடித்தால், பிற்காலத்தில் தையலைப் பிரித்து வேறு பாணியிலே திரும்பத் தைத்துக்கொள்ளலாம். பாவாடைப் பகுதியின் மூட்டுத் தையல்கள் பல கவுன்களில் நீண்டு தளர்ந்து காணப்படுவதும், எளிதிற் பிரிப்பதற்கு இடம்வைத்தே. 1740களில் நெய்த பட்டு, 1780களின் பாணியில் மறுபடி தைக்கப்பட்டு, பழைய ஊசித் துளைகளோடு நூதனசாலைகளிற் கிடப்பதைக் காணலாம். வெளியே தெரியாத இடத்தில் சிறு சிறு துண்டுகளை ஒட்டித் தைத்து, ஓர் அங்குலத் துணியும் வீணாகாதபடி பார்த்திருக்கிறார்கள்.

ஏன் இத்தனை சிக்கனம்? துணியின் விலை மிக அதிகம். தைப்பவளின் கூலி மிகக் குறைவு. ஒரு கவுனுக்குச் செலவான பணத்திற் பெரும்பங்கு துணிக்கடைக்காரனையே சேர்ந்தது. ஆகவே துணியைக் காப்பாற்றுவதற்காக எத்தனை மணித்தியாலமும் உழைக்கலாம், உழைப்பு மலிவு. அக்காலத்துத் தையற்கலையின் நுணுக்கம் என்று இன்று வியந்து பேசப்படுவதன் பெரும்பகுதி இம்மலிவிலிருந்து பிறந்ததே. பொருளாதார நூல் எதனையும் புரட்டாமலே, ஊசியும் கையுமாக அமர்ந்த ஒருத்தி இந்த உண்மையைத் தன் விரல்நுனியில் அறிந்துகொள்கிறாள்.

பெண்களின் கவுனைத் தைத்தவர்கள் ‘மாந்துவா’ தைப்போர் என அழைக்கப்பட்ட பெண்கள். அதற்கு முன்னர் பெண்களின் மேலுடையைத் தைக்கும் உரிமை ஆண் தையற்காரரின் சங்கங்களிடமே இருந்தது. பாரிசில் 1675 இலேதான் பதினான்காம் லூயி பெண் தையற்காரருக்குத் தனிச் சங்கம் அமைக்க அனுமதி வழங்கினான். அந்த வெற்றி பெண்களுக்குத் தொழிலைத் தந்தது. வாழ்வைத் தந்ததா என்பது வேறு கேள்வி. 1747 இல் லண்டனின் தொழில்கள் பற்றி நூலெழுதிய காம்பெல் என்பவர், பெண்களின் அலங்கார உடைக் கடைகளில் ஊசிவேலை செய்யும் திறமைசாலியான பெண்ணும் வாரமொன்றுக்கு 5 அல்லது 6 ஷில்லிங்குக்கு மேல் உழைக்க முடியாதென்றும், உணவுக்கும் இருப்பிடத்துக்கும் அதிலேயே செலவிட வேண்டுமென்றும் குறிக்கிறார். ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும் நிலைமை திருந்தவில்லை. மார்க்சின் ‘மூலதனம்’ முதற் பாகத்தைப் படித்தோர் மேரி ஆன் வாக்லியை மறந்திருக்க மாட்டார்கள். விருந்துக்குச் செல்லும் சீமாட்டிகளின் உடைகளைக் குறித்த நேரத்தில் முடிப்பதற்காக இருபத்தாறரை மணித்தியாலம் இடைவிடாது தைத்து, 1863 ஜூன் மாதத்தில் இருபது வயதில் இறந்த பெண் அவள்.

கச்சு தைத்தவர்களோ பெரும்பாலும் ஆண்களே. தடித்த லினன் துணியைப் பல படையாக அடுக்கி, நெருங்கிய குழல்களாகத் தைத்து, அக்குழல்களுள் திமிங்கிலத்தின் வாய்த்தகட்டைச் சீவிச் செருக வேண்டும். விரலை ஒடிக்கும் வேலை. இங்கிலாந்தில் தெற்ஃபோட் என்னும் சிற்றூரில் கச்சு தைத்து வாழ்ந்த ஒருவர் தம் மகனையும் அதே தொழிலிற் பழக்கினார். அம்மகனே தோமஸ் பெயின். முடியாட்சியை உலுக்கிய ‘மனிதனின் உரிமைகள்’ என்னும் நூலை 1791 இல் எழுதிய அந்தக் கைதான், இளமையிற் பெண்களின் கச்சுக்கு ஊசி கோத்தது. அவரைக் கச்சுக்காரன் என்று எதிரிகள் ஏளனம் செய்ததுமுண்டு. ஏளனம் செய்தவர்களின் மனைவிமார் கச்சில்லாமல் வெளியே இறங்கியிருப்பார்களோ தெரியவில்லை.

கச்சைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். அது பெண்ணை மூச்சுமுட்ட வைத்த சித்திரவதைக் கருவி என்றே பொதுவாக நம்பப்படுகிறது. உடலுக்கு அளந்து தைத்த கச்சை உடுத்து வேலை செய்து பார்த்த இன்றைய பெண்கள் அவ்வாறு கூறுவதில்லை. முதுகைத் தாங்கும், பாரமான பாவாடைகளின் நாடாக்கள் இடுப்பை அறுக்காமற் காக்கும் என்கின்றனர். அன்று வயலிலும் சமையற்கட்டிலும் உழைத்த ஏழைப் பெண்களும் கச்சணிந்தே உழைத்தனர். வசதியற்றோர் தோலினாற் செய்த கச்சை ஆண்டுக்கணக்கில் உடுத்தனர். நாடா இழுக்கும் துளைகளுக்கு உலோக வளையம் பொருத்தும் முறை 1828 இலேதான் வந்தது. அதற்கு முன்னர் துளைகளின் ஓரம் வெறும் நூலாற் கட்டப்பட்டது. கடுமையாக இறுக்கினால் துணி கிழிந்துவிடும். இடையைச் சிறுக்க வைக்கும் மோகம் பெரும்பாலும் அடுத்த நூற்றாண்டுக்குரியது. புத்தகத்தில் மட்டும் தேடியவர்களுக்கு எளிதில் அகப்படாத இவ்விடையம், தைத்து உடுத்துப் பார்த்தவர்களுக்கு அகப்பட்டது. இதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, இத்தனை படை உடையையும் உடலில் நிலைநிறுத்தியது எது? பொத்தான் அன்று, குண்டூசி. கவுனின் முன்புறத்தைக் கச்சோடு சேர்த்துக் குண்டூசியாற் குத்திக்கொள்வதே பெருவழக்கு. கழுத்துத் துணிக்கும் ஏப்பிரனுக்கும் அதுவே. அடம் சிமித் 1776 இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலின் முதல் அத்தியாயத்திலேயே குண்டூசித் தொழிற்சாலை வருவது பொருளியல் மாணவர் யாவரும் அறிந்ததே. ஒருவன் கம்பியை இழுக்க, ஒருவன் நிமிர்த்த, ஒருவன் வெட்ட, இவ்வாறு 18 வேலைகளாகப் பிரித்து, பத்துப் பேர் நாளொன்றுக்கு 48,000 குண்டூசிகளுக்கு மேல் செய்ததாக அவர் கணக்குக் காட்டுகிறார். அத்தனை ஊசி எங்கே போயிற்று என்று வகுப்பில் எவரும் கேட்பதில்லை. அதில் ஒரு பெரும்பங்கு பெண்களின் மார்பு மேலேதான் போயிற்று.

துணிக்கு வருவோம். எமக்கு இப்பொருளில் நாட்டம் ஏற்பட்டதற்கு உண்மைக் காரணம் அதுவே.

பட்டும் லினனும் கம்பளியும் ஐரோப்பாவில் நெய்யப்பட்டன. ஆனால் அந்நூற்றாண்டுப் பெண்கள் மோகித்துத் தேடிய துணி வேறொன்று. வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் நீலமும் ஊதாவுமாகக் கொடியும் பூவும் படர்ந்த, எத்தனை முறை துவைத்தாலும் நிறம் மங்காத துணி. ஆங்கிலேயர் அதைச் ‘சின்ற்ஸ்’ என்றனர். நமது பாட்டிமார் ‘சீத்தை’ என்றனர். அதன் மிகச் சிறந்த வகை சோழமண்டலக் கரையில் உண்டானது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், புதுச்சேரி ஆகிய துறைகளிலிருந்து ஒல்லாந்தக் கும்பனியும் ஆங்கிலக் கும்பனியும் பிரெஞ்சுக் கும்பனியும் அதைப் பொதி பொதியாக ஏற்றின. ஒல்லாந்து தேசத்தின் வடக்கே ஹிண்டலோப்பன் என்னும் மாலுமிகளின் ஊரில், நீண்ட சீத்தை அங்கி பெண்களின் மரபுடையாகவே ஆகிவிட்டது.

நிறம் மங்காமைக்குக் காரணம் யாது என்பது ஐரோப்பியச் சாயக்காரருக்கு நெடுநாள் மர்மமாயிருந்தது. 1742 இல் கேர்டூ என்னும் பிரெஞ்சு இயேசுசபைப் பாதிரியார், தாம் மதம் மாற்றிய சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்த செய்முறையை நீண்ட கடிதமாகத் தாயகத்துக்கு எழுதியனுப்பினார். (சமஸ்கிருதத்துக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவைப் பாரிசுக் கல்விக்கழகத்துக்கு எழுதிய அதே கேர்டூதான் இவர், மொழியியல் பயின்றோர் அறிவர்.) துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்தல், துளையிட்ட தாளின்மேல் கரித்தூள் தட்டிக் கோலத்தை இறக்குதல், புளித்த நீரில் இரும்பை ஊறவைத்தெடுத்த கருமையால் வெளிக்கோடு வரைதல், சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரம் தீட்டுதல், பின்னர் முழுத் துணியையும் சாயவேரோடு கொதிக்க வைத்தல். படிகாரம் பட்ட இடம் சிவக்கும்; படாத இடத்துக் கறை ஆட்டுச் சாண நீரிலும் வெயிலிலும் வெளுக்கும். நீலம் வேண்டின் ஏனைய இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் இடவேண்டும். பச்சை வேண்டின் நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டவேண்டும். ஒரு துணி பல வாரம் பல கைகளில் தங்கும். நூல் நூற்றவர்கள் கிராமத்துப் பெண்கள். பாதிரியார் செய்முறையை நுணுக்கமாக எழுதினார். அதனால் அவருடைய நாட்டுக் கைத்தொழிலாளர் பயனடைந்தனர். சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அதனால் விளைந்த நன்மை எதுவுமில்லை.

சாயவேர் என்றோம். சித்த வைத்தியர் ‘இம்பூறல்’ என்னும் அச்சிறு பூண்டு கரையோர மணலில் தானே முளைப்பது. நிறம் அதன் வேர்ப்பட்டையில் உண்டு. யாழ்ப்பாணத் தீவுகளிலும் மன்னாரிலும் கிண்டிய வேர், சோழமண்டலக் கரைச் சாயக்காரருக்கு ஏற்றுமதியாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சியில் இது கும்பனியின் ஏகபோகம். வேர் கிண்டுவது சாதியால் விதிக்கப்பட்ட ஊழியமாயிருந்தது. மணலைக் குத்தி, மெல்லிய வேர் அறாமல் இழுத்து, குறித்த நிறை வேரைக் கும்பனிக்கு ஒப்படைக்க வேண்டியவர்கள் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். லண்டன் சீமாட்டியின் கவுனிற் பூத்த சிவப்பு மலருக்கும் மன்னார் மணலில் முதுகு வளைந்து நின்றவனுக்கும் இடையே எத்தனை கணக்குப் புத்தகங்கள், எத்தனை கப்பல்கள்! ஆயினும் தொடர்பு உண்மையானது.

இனி அந்தக் கவுன் லண்டன் வீதியில் பட்ட பாட்டைக் கூறவேண்டும். பருத்தித் துணியின் வரவால் ஐரோப்பிய நெசவாளர் பிழைப்பிழந்தனர். பிரான்சு 1686 இலேயே அச்சுப் பருத்தித் துணிகளைத் தடைசெய்து, 1759 வரை அத்தடையை வைத்திருந்தது. இங்கிலாந்து 1700 இல் இயற்றிய சட்டம் கீழைத்தேசத்துச் சித்திரத் துணிகளை உள்நாட்டில் உடுத்தலாகாது என்றது. கும்பனி விடவில்லை. வெள்ளைத் துணியாக இறக்கி லண்டனில் அச்சிட்டு விற்றார்கள். 1719 ஜூன் மாதத்தில் ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர் வீதிக்கு இறங்கினர். சீத்தை உடுத்து வந்த பெண்களைத் துரத்தி, உடலிலிருந்தே கவுனைக் கிழித்தெறிந்தனர். மையும் எரிதிராவகமும் ஊற்றினர். ‘கலிக்கோ மேடம்’ என்று அப்பெண்களைப் பழித்துப் பாட்டும் துண்டுப் பிரசுரமும் வந்தன. ‘றொபின்சன் குறூசோ’ எழுதிய டானியல் டிஃபோ, ‘மனுஃபாக்சரர்’ என்ற பத்திரிகையிலே சீத்தைக்கு எதிராகத் தொடர்ந்து எழுதினார். 1721 இல் புதிய சட்டம் வந்தது. அச்சுப் பருத்தி உடுத்தவளுக்கு 5 பவுண் தண்டம். விற்றவனுக்கு 20 பவுண்.

தொழிலாளி வர்க்கத்தின்பாற் பற்றுடைய நாம் இந்நிகழ்ச்சியை எவ்வாறு நோக்குவது? நெசவாளரின் பசி உண்மையானது. தறி நின்றுபோன வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடந்தனர். ஆனால் அவர்களின் கை ஓங்கியது கும்பனிப் பங்காளர் மீதன்று. தெருவில் நடந்துவந்த பெண் மீது. அவளுட் பலர் பட்டு வாங்க வழியற்று மலிவான பருத்தியை உடுத்த வேலைக்காரப் பெண்கள். பட்டுடுத்த பிரபுப் பெண்ணை எவரும் தொடவில்லை. அவள் ஸ்பிற்றல்ஃபீல்ட்சின் வாடிக்கையாளர். கோபத்துக்கு நியாயம் இருந்ததென்பதால் அது பாய்ந்த திசையும் நியாயமாகிவிடாது. தூர தேசத்துச் சாயத் தொழிலாளியும் தம்மைப் போன்றவனே என்ற எண்ணம் அந்நெசவாளருக்குத் தோன்ற வழியிருக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க எந்த இயக்கமும் அன்று பிறந்திருக்கவில்லை.

தடை செய்த பயன் வேறாயிற்று. வெளியிலிருந்து வருவது நின்றதும் உள்நாட்டு முதலாளி அதே துணியைத் தானே செய்ய முற்பட்டான். லினன் பாவும் பருத்தி ஊடையுமான கலப்புத் துணிக்கு 1736 இல் விலக்குக் கிடைத்தது. ஹார்கிறீவ்ஸ் 1760களில் நூற்கும் ஜென்னியை ஆக்கினார். ஆர்க்ரைற் 1769 இல் நீராற்றலில் இயங்கும் நூற்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1774 இல் தடை நீக்கப்பட்டது. பிரித்தானியாவில் நெய்த முழுப் பருத்திக்கு மட்டும். அதன் கரையில் மூன்று நீல இழைகள் ஓடவேண்டும் என்று சட்டம் விதித்தது. இன்று நூதனசாலையிற் பழந்துணியின் காலத்தை அறிய அந்நீல இழை உதவுகிறது. 1783 இல் உருளை அச்சு வந்தபின் கையால் தீட்டிய துணியால் விலையிற் போட்டியிட முடியவில்லை. கைத்தொழிற் புரட்சியை ஜென்னியிலிருந்து தொடங்கிப் படிப்பிப்பதே பாடசாலை வழக்கம். கிழிபட்ட சீத்தைக் கவுனிலிருந்து தொடங்கினால், இயந்திரம் எதைப் பார்த்துப் பிரதிசெய்யப் பிறந்தது என்பதும் மாணவருக்கு விளங்கும்.

இன்னொரு வழியிலும் எமது கரைத் துணி மனித இரத்தத்தில் தோய்ந்தது. சோழமண்டலக் கரையில் ஏற்றிய ‘கினி’த் துணியைக் கொடுத்து மேற்கு ஆபிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கினார்கள். அவ்வடிமைகள் அமெரிக்காவில் என்ன உடுத்தனர் என்பதும் இப்பொழுதுபோக்கினுள் அடங்கும் கேள்வியே. தென் கரோலினாவின் 1740 ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகள் உடுத்தத்தக்க முரட்டுத் துணிகளைப் பெயர் சொல்லி வரையறுத்தது. சாதியின் பெயரால் மேலாடை மறுக்கப்பட்ட மண்ணிற் பிறந்த நமக்கு அச்சட்டத்தின் உட்கருத்து புதிதன்று. வேர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பேர்க் நகரம் ரொக்கஃபெல்லரின் பணத்தால் பதினெட்டாம் நூற்றாண்டுக் கோலத்தில் மீட்டமைக்கப்பட்டது. அங்கே இன்றும் பழைய முறைப்படி கவுன் தைத்துக் காட்டும் கடையுண்டு. அந்நகரின் அன்றைய மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பர். ஆயினும் அவர்களின் வாழ்வை எடுத்துக்காட்டும் திட்டம் 1979 இலேதான் அங்கே தொடங்கியது. தப்பியோடிய அடிமைப் பெண் எந்த நிறப் பாவாடை, எந்தச் சட்டை அணிந்திருந்தாள் என்பதை அவளைப் பிடிப்பதற்காக எசமானன் வெளியிட்ட பத்திரிகை விளம்பரங்களே சொல்கின்றன. வேட்டையாட எழுதிய குறிப்பை வைத்து இன்று அவளது உடையைத் தைக்கிறார்கள். பழைய பாணி வேண்டும், பழைய மதிப்பீடுகள் வேண்டா என்ற குரல் அண்மைக் காலத்தில் கறுப்பின ஆர்வலரிடையே எழுந்து பரவியது. அது முற்றிலும் நியாயமான குரல்.

ஏழை வெள்ளைப் பெண்களின் உடை மட்டும் எஞ்சியதா? இல்லை. கிழியும்வரை உடுத்து, கிழிந்தபின் பிள்ளைக்குத் தைத்து, கந்தலைக் காகித ஆலைக்கு விற்றார்கள். பாபரா ஜோன்சன் என்ற குருவானவரின் மகள் 1746 தொடக்கம் 1823 வரை தான் தைப்பித்த ஒவ்வோர் உடையின் துணித்துண்டையும் விலையும் அளவும் எழுதி ஒரு புத்தகத்தில் ஒட்டி வைத்தாள். அது லண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் உள்ளது. ஏழைகளின் துணிகளும் ஒரு புத்தகத்தில் உண்டு. அது வேறு வகைப் புத்தகம்.

1741 இல் லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான விடுதி திறக்கப்பட்டது. வளர்க்க வழியற்ற தாய்மார் குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பர். பிற்காலத்தில் மீட்க வந்தால் அடையாளம் காண்பதற்காக, குழந்தையின் உடையிலிருந்தோ தாயின் உடையிலிருந்தோ ஒரு துண்டு வெட்டிப் பதிவுத் தாளோடு குண்டூசியாற் குத்தி வைத்தார்கள். 1760 வரையில் 16,282 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட துணித்துண்டுகள் இன்றும் அத்தாள்களில் உள்ளன. பூப்போட்ட லினன், பருத்தி, நாடா, சட்டைக் கை. சோழமண்டலக் கொடியையும் பூவையும் பார்த்து மலிவாக அச்சிட்ட துணிகள் அவற்றுட் பல. அக்காலச் சாதாரண மக்கள் உடுத்த துணிகளின் மிகப் பெரிய சேகரம் இதுவே. வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்ரைல்ஸ் 2010 இல் இவற்றைக் கண்காட்சியாக வைத்தபின், உடை தைப்போரும் இவற்றைத் தேடிக் கற்றனர். அக்குழந்தைகளுள் தாயாரால் மீட்கப்பட்டோர் 152 பேர் மட்டுமே. சேரா பெண்டர் என்பவள் 1767 இல் தன் மகன் சாள்சை விடுதியில் விட்டபோது, துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து இருதயம் ஒன்றை நூலாற் பொறித்த துணியைப் பாதியாக வெட்டி வைத்தாள். எட்டாண்டு கழித்து, 1775 ஜூன் மாதத்தில், மற்றப் பாதியோடு வந்து மகனைப் பெற்றுச் சென்றாள்.

இப்பொழுதுபோக்காளரிடம் நாம் காணும் குறை ஒன்றுண்டு. தைத்த கையை அவர்கள் மதிக்கிறார்கள். கவுனின் உள்ளே எத்தனை தையல் என்று எண்ணுகிறார்கள். துணியென்றதும் அந்த அக்கறை தளர்ந்துவிடுகிறது. பழைய சீத்தையின் கோலத்தை இயந்திரத்தில் அச்சிட்டு விற்கும் துணியை வாங்கி, அதைப் பல வாரம் கையால் தைக்கிறார்கள். தையலில் ஓர் இயந்திர நூலும் கூடாதென்ற கண்டிப்பு, துணியைத் தீட்டிய கைக்கு எட்டுவதில்லை. பெங்களூரில் ஒரு பெண் கலைஞர் மெழுகும் படிகாரமும் கொண்டு அப்பழைய முறையை மீட்டெடுக்கப் பல ஆண்டுகளாக முயல்கிறார். அவர் துணி ஒன்றை முடிக்க எடுக்கும் காலத்தைக் கேட்டால், கவுன் தைப்பது விளையாட்டு என்று தோன்றும்.

ஒரு கவுனைக் கையால் தைத்து முடித்தபின் கடையில் தொங்கும் சட்டையின் விலையைப் பார்க்க வெட்கமாயிருக்கிறது என்று சொல்வோரும் இவர்களிடையே உண்டு. அவர்களோடு நமக்குப் பேச நிறைய இருக்கிறது. கட்டுநாயக்கா வர்த்தக வலயம் 1978 இல் திறக்கப்பட்டது. கிராமங்களிலிருந்து வந்த ஆயிரமாயிரம் இளம்பெண்கள் அங்கேயும், பின்னர் தோன்றிய தொழிற்சாலைகளிலேயும் மேலைநாட்டாருக்கு உடை தைத்து வருகின்றனர். முழுச் சட்டையை அவர்களில் எவரும் தைப்பதில்லை. ஒருத்தி கழுத்துப்பட்டி, ஒருத்தி கைப்பட்டி, ஒருத்தி பொத்தான் துளை. அடம் சிமித் கண்ட குண்டூசித் தொழிற்சாலையைப் போலவே வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று இலக்கு உண்டு. வார இறுதியில் சீத்தைக் கவுன் உடுத்து மகிழ்ந்த பெண், திங்கட்கிழமை வேலைக்கு அணிந்து செல்லும் சட்டையின் கழுத்தடியைப் புரட்டினால், நமது நாட்டின் பெயர் அச்சிட்ட சிறு துணித்துண்டு சிலவேளை தைக்கப்பட்டிருக்கும்.